முயலுக்கு ஆபரேஷன்: செலவை அப்புறம் கேட்கலாம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். ரோஜாச் செடி, பழைய மிக்ஸி, லவ் பேர்ட்ஸ் என்று நீளும் வரிசையில், கம்பிக் கூண்டுக்குள் மூக்கை ஆட்டிக்கொண்டு முயல் குட்டிகளும் உட்கார்ந்திருக்கும். ஒற்றையாக வாங்கினால் ஏங்கிப்போகும், ஜோடியாகக் கொண்டுபோங்கள் என்பார்கள். இரண்டுமே பெட்டைதான், பயப்பட வேண்டாம் என்ற உத்தரவாதமும் இலவசமாகக் கிடைக்கும்.

மணிமங்கலம், படப்பை, ஒரகடம் பக்கத்து வாடகை வீடுகளுக்கு முயல் வந்து சேரும் வழிகளில் இதுவும் ஒன்று. நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். பூனை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். முயல் குரைக்காது, கத்தாது, மாடிப்படிக்கு அடியிலேயே இருந்துவிடும். அப்பா கம்பெனி ஷிஃப்ட், அம்மா இன்னொரு கம்பெனி ஷிஃப்ட் என்று ஓடும் வீட்டில் குழந்தைக்கு அது நல்ல துணை.

நாலைந்து மாதம் கழித்துத்தான் கதை மாறும். இரண்டில் ஒன்று தன் மார்பு முடியைத் தானே பிடுங்கி மூலையில் மெத்தை போடும். மறுநாள் காலையில் பார்த்தால், கண் திறக்காத, ரோமம் முளைக்காத குட்டிகள் அந்த மெத்தைக்குள் நெளியும். குட்டியாக இருக்கும்போது முயலில் ஆண், பெண் பிரித்துப் பார்ப்பது அனுபவசாலிகளுக்கே தடுமாற்றம். சந்தை உத்தரவாதத்தின் மதிப்பு அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே போனில் தேடல் ஆரம்பமாகிவிடும். முயலுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் உண்டா? எவ்வளவு ஆகும்?

உண்டு. ஆனால் 'எவ்வளவு ஆகும்' என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு வருவதற்குள், ஆபரேஷன் தேவையா என்பதையே முதலில் பார்த்துவிடலாம்.

முயலின் சினைக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம், 31 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். குட்டி போட்ட ஒன்றிரண்டு நாளிலேயே மறுபடி சினை பிடிக்கக்கூடிய உடம்பு அதற்கு. மாட்டுக்கும் நாய்க்கும் இருப்பதுபோல் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இணை சேர்ந்த பிறகுதான் முயலுக்குக் கருமுட்டையே வெளிப்படும். அதனால் 'இப்போது சீசன் இல்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் சர்வ சாதாரணம். 1859ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பகுதியில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இரண்டு டஜன் முயல்களை அவிழ்த்துவிட்டார். அந்த நாடு இன்றுவரை முயலோடு மல்லுக்கட்டுகிறது. அங்குள்ள குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் முயலைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பதே குற்றம். மணிமங்கலத்து மாடிப்படிக்கு அடியில் அவ்வளவு பெரிய விபரீதம் நடக்காது. ஆனால் பிறக்கிற குட்டிகள் எங்கே போகும் என்று யோசித்தால், திரும்பவும் அதே சந்தைக் கூண்டுக்குத்தான்.

பெண் முயலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கருப்பைப் புற்றுநோய். இந்த ஆபத்து வயது ஏற ஏறக் கூடும். சில இனங்களில் 4 வயது கடந்த பெண் முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வரக்கூடியது என்று கால்நடை மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. நன்றாகக் கவனிக்கப்படும் வீட்டு முயல் எட்டு, பத்து வருஷம் வாழக்கூடியது. குழந்தை ஒன்றாம் வகுப்பில் வாங்கிய முயல் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது நோயில் விழுவதைத் தடுக்கும் வாய்ப்பு, ஐந்தாறு மாத வயதில் செய்யும் ஆபரேஷனில் இருக்கிறது.

ஆணுக்கு இவ்வளவு அவசரம் இல்லை. தனியாக இருக்கும் ஆண் முயல் மூத்திரத்தைப் பீய்ச்சி அடிக்காமல், யாரையும் கடிக்காமல் சமர்த்தாக இருந்தால் அதை விட்டுவிடுவதில் தப்பே இல்லை. ஜோடியாக வாழ வேண்டுமென்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் பெண்ணைவிட ஆணுக்குச் செய்வது சுலபம், செலவும் குறைவு. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்கு வேண்டியதில்லை.

கிராமத்தில் மாட்டுக்கும் கிடாவுக்கும் காயடிப்பதைப் பார்த்தவர்கள் 'இதுக்குப் போய் ஆபரேஷனா?' என்று சிரிப்பார்கள். நசுக்குவது, ரப்பர் வளையம் போடுவது எதுவும் முயலுக்குச் சரிவராது. ஆண் முயலுக்கு விதை இறங்கிய பாதை கடைசிவரை மூடாமலே இருக்கும்; விதையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளவும் அதனால் முடியும். ஆபரேஷனில் அந்த வழியைச் சரியாக அடைக்காவிட்டால் குடல் அதன் வழியாகச் சரிந்து இறங்கிவிடலாம். தெரிந்த கை மட்டும்தான் தொட வேண்டும்.

அந்தத் தெரிந்த கையைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். நம்மூரில் முயல் என்பது பாடப்புத்தகத்தில் பண்ணை விலங்கு. இறைச்சிக்கும் ரோமத்துக்கும் வளர்ப்பது. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய ஆடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ரகங்களை வைத்திருப்பது பண்ணைக்காரர்களுக்காக. கூடுவாஞ்சேரி பக்கம் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் முயல் வளர்ப்புப் பயிற்சி கொடுப்பதும் அதற்காகவே. பண்ணையில் யாரும் முயலுக்குக் கருத்தடை செய்வதில்லை. ஆணைத் தனிக் கூண்டில் போட்டால் முடிந்தது. அதனால் நாய்க்கும் பூனைக்கும் நூற்றுக்கணக்கில் செய்து பழகிய நல்ல டாக்டர்கூட முயலுக்கு ஒன்றிரண்டுதான் செய்திருப்பார், அல்லது செய்தே இருக்க மாட்டார். இது அவருடைய குறை அல்ல. அவரிடம் முயலைக் கொண்டுபோனவர்கள் குறைவு.

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். முயலுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டரை மூஞ்சியைப் பார்த்தும் தெரியாது, வாசலில் இருக்கும் போர்டைப் பார்த்தும் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

அதுதான் அந்த முதல் கேள்வி: 'டாக்டர், முந்தின நாள் ராத்திரி பட்டினி போடணுமா?'

நாய், பூனைக்கு மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாயில் போய்விடும் என்பதால் சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். மனிதர்களுக்கும் அதே காரணம்தான். முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது. அதன் வயிற்று அமைப்பு அப்படி. அதற்கு மேல், முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். புல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அது நகரும். ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் குடல் மந்தமாகி, ஆபரேஷனுக்கு முன்பே ஆபத்து ஆரம்பித்துவிடும். வாயில் மிச்சம் மீதி இல்லாமல் இருக்க ஒன்றிரண்டு மணி நேரம் தீனியை எடுத்துவைப்பது வேறு விஷயம். அதை முயல் தெரிந்த டாக்டர் தானே சொல்லுவார்.

ஆகவே 'ஆமாம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் எதுவும் கொடுக்காதீங்க' என்று பதில் வந்தால், அங்கே முயலும் நாயும் ஒன்றுதான் என்று புரிந்துகொள்ளலாம். நன்றி சொல்லிவிட்டு அடுத்த நம்பருக்குப் போவது நல்லது. 'வேண்டாம், வழக்கம்போலச் சாப்பிடட்டும், அது சாப்பிடுகிற தீனியிலும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க' என்று சொன்னால், பேச்சைத் தொடரலாம். எழுந்ததும் பழகிய தீனி கண்ணெதிரே இருந்தால் முயல் சீக்கிரம் வாய் வைக்கும் என்று தெரிந்தவர் அவர்.

அடுத்து, கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை முயலுக்குச் செய்தீர்கள், எத்தனை பிழைத்தன என்று கேட்பது. கேட்கக் கூச்சமாக இருக்கும். அனுபவம் உள்ளவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் உடம்புச் சூட்டையும் தனியாக ஒருவர் பார்த்துக்கொள்வாரா என்பதும் முக்கியம். இரண்டு கிலோகூட இல்லாத உடம்பு, ஏசி அறையில் வயிற்று முடியை மழித்துப் படுக்கவைத்தால் மளமளவென்று குளிர்ந்துபோகும். வலிக்கு மருந்து எத்தனை நாளைக்கு என்றும் கேட்க வேண்டும். வலி இருந்தால் முயல் கத்தாது. சாப்பிடாமல் மூலையில் குந்திக்கொள்ளும். 'முயலுக்கெல்லாம் வலி மருந்து வேண்டாம்' என்பதும் அந்த ராத்திரிப் பட்டினி மாதிரியான பதில்தான்.

இவ்வளவு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2002 முதல் 2004 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கால்நடை மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பிராணிகளைக் கணக்கெடுத்தார்கள். அதில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முயல்கள் இருந்தன. நாய்களில் இறந்தவை 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம், முயல்களில் 1.39 சதவீதம். நோய்நொடி இல்லாத முயல்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 0.73. அதாவது ஆரோக்கியமான முயலிலேயே சுமார் 137க்கு ஒன்று. பயந்து ஓடுகிற கணக்கு அல்ல இது, ஆனால் அலட்சியம் செய்கிற கணக்கும் அல்ல. இன்னொன்றும் அதில் தெரிந்தது. இறந்த முயல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஆபரேஷன் மேஜையில் போகவில்லை. முடிந்த பிறகுதான் போயின. டாக்டரின் கை பாதி என்றால் மீதிப் பாதி அதற்குப் பிறகு நடக்கும் கவனிப்பு.

சரி, எங்கே போவது? ஊரிலும் பக்கத்திலும் இருக்கும் அரசு கால்நடை மருந்தகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிக்கானவை. முயலுக்கு வயிற்றைத் திறந்து செய்யும் வசதியை அங்கே எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் எங்கே போகலாம் என்று அங்குள்ள டாக்டரிடம் கேட்கலாம். யாருக்கு எதில் கை வரும் என்று அவர்களுக்குள் தெரியும். தாம்பரம், குரோம்பேட்டை தொடங்கி நகரத்துக்குள் தனியார் கிளினிக்குகள் நிறைய. கிளி, ஆமை, முயல் போன்ற பிராணிகளைப் பார்ப்பதாகச் சொல்பவர்களை முதலில் விசாரிக்கலாம். இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984ல் வந்தது. அதன்படி பதிவு செய்த, பி.வி.எஸ்சி. பட்டம் பெற்ற டாக்டர்தான் ஆபரேஷன் செய்யலாம். சந்தைக்காரர், பெட் ஷாப்காரர், 'எங்க பையன் கத்தி பிடிப்பான்' வகையறா எல்லாம் கிட்டே வரக்கூடாது.

செலவு குறைவாகவும் நம்பிக்கையாகவும் வேண்டுமென்றால் வேப்பேரி. 1903ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. 1989ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவது. அறுவை சிகிச்சைக்குத் தனித் துறை, கற்றுக்கொடுக்கும் பேராசிரியர்கள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில். தனியார் இடங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் சொற்பம். ஆனால் அதற்கு வேறு விலை உண்டு. மணிமங்கலத்திலிருந்து முடிச்சூர், தாம்பரம் வழியாக நாற்பது கிலோமீட்டர் அளவுக்குப் பயணம். வரிசை. முதல் நாள் பரிசோதனை, ஆபரேஷனுக்கு இன்னொரு தேதி, அப்புறம் ஒரு தடவை புண்ணைக் காட்டப் போவது. மூன்று நாள் லீவு, மூன்று தடவை வண்டி வாடகை. தினக்கூலி வீட்டுக்கு இதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். தாம்பரத்து கிளினிக்கில் சில ஆயிரம் கேட்கிறார்கள் என்றால், வேப்பேரி போய்வருவதற்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று பக்கத்திலேயே எழுதிப் பார்ப்பது நல்லது.

தனியாரில் விலை ஏன் இடத்துக்கு இடம் இப்படி மாறுகிறது? ஒரு இடத்தில் சொல்வது ஆபரேஷன் கட்டணம் மட்டும். இன்னொரு இடத்தில் ரத்தப் பரிசோதனை, ஊசிக்குப் பதிலாக வாயு மயக்கம், ஒரு ராத்திரி தங்கல், மூன்று நாள் வலி மருந்து, மறு பரிசோதனை எல்லாம் சேர்த்து. முதலாவது மலிவாகத் தெரியும். கடைசி பில் இரண்டாவதைத் தாண்டிவிடும். 'வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறவரைக்கும் மொத்தமா எவ்வளவு, அதில் என்னென்ன அடக்கம்' என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டால் குழப்பமில்லை. வாயு மயக்கத்துக்கும் வலி மருந்துக்கும் கூடுதலாகக் கேட்டால் அதில் பேரம் பேசக்கூடாது. பேரம் பேசவேண்டிய இடம் அது இல்லை.

சில நூறு ரூபாய்க்கு வாங்கின முயலுக்கு ஆயிரக்கணக்கில் செலவா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சம்பளத் தேதியை எண்ணும் வீட்டில் அது ஸ்கூல் வேன் பணம். இதற்கு நேர்மையான பதில்: ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்று இல்லை. கையில் பணம் இல்லை, அல்லது முயல் தெரிந்த டாக்டர் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு கூண்டு வாங்கி ஆணையும் பெண்ணையும் பிரித்துவைப்பது, தெரியாத கையில் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். ஒரு மணி நேரம் சேர்ந்து விளையாடட்டும் என்று அவிழ்த்துவிட்டால் மட்டும் கணக்கு தப்பிவிடும். முயலுக்கு ஒரு நிமிஷமே தாராளம். பணமும் டாக்டரும் சேர்ந்து அமையும்போது பெண்ணுக்கு முதலில் செய்யலாம்.

நாள் குறிப்பதிலும் யோசனை வேண்டும். முப்பது டிகிரிக்கு மேல் போனால் முயலுக்குத் திணறல். அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டைக் கழிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் இந்தப் பயணமும் வேண்டாம், தகரக் கூரைக்குக் கீழே புண் ஆற்றுவதும் வேண்டாம். மார்கழி, தை மாதங்கள் உத்தமம். தும்மல், மூக்கொழுகல் இருந்தால் தள்ளிப்போட வேண்டும். பெற்றோர் இருவரும் ஷிஃப்ட் என்றால் வார லீவுக்கு முந்தின நாளாகப் பார்த்து தேதி வாங்க வேண்டும். அன்று ராத்திரி யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டியிருக்கும்.

விழித்திருந்து பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா. வீட்டுக்கு வந்ததும் அருகம்புல், வேலிமசால், கொத்தமல்லித் தழை, எது அதற்குப் பிரியமோ அது மூக்குக்கு நேரே இருக்கட்டும். சாப்பிடவில்லை என்றால் ஊறவைத்த தீவனக் கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். எப்போது, எவ்வளவு என்று டாக்டரிடம் முன்பே கேட்டு, செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவது அவசியம். 12 மணி நேரம் தீனியும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் அது 'காலையில் பார்த்துக்கலாம்' வகை இல்லை. அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்ற நம்பர் இல்லாமல் கிளினிக் வாசலைத் தாண்டக்கூடாது.

கழுத்தில் கூம்பு மாட்டி அனுப்பினால் ஒரு வார்த்தை கேட்கலாம். முயல் தன் மென்புழுக்கையை மறுபடி தின்றுதான் சத்தைச் சேர்த்துக்கொள்ளும். கூம்பு மாட்டினால் வாய் அங்கே எட்டாது. அதனால் தெரிந்தவர்கள் கடிக்க முடியாதபடி தோலுக்குள்ளேயே மறைத்துத் தையல் போடுவார்கள். கூண்டில் மரத்தூள் வேண்டாம், புண்ணில் ஒட்டும். துவைத்த பழைய பருத்தித் துணி போதும்.

வீட்டில் மிச்சம் இருக்கும் மருந்தைக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. மனிதர்களுக்குச் சகஜமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் மாதிரியான ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, முயலும் செத்துப்போகலாம். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு விஷம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிவரும் பழக்கம் இங்கே வேலைக்கு ஆகாது.

ஆண் முயலுக்குச் செய்தவர்கள் பலர் கோட்டைவிடுவது கடைசிக் கட்டத்தில். தையல் ஆறியதும் பழையபடி பெண்ணோடு சேர்த்துவிடுவார்கள். விதையை எடுத்த பிறகும், ஏற்கெனவே பாதையில் தங்கிய விந்து சில வாரங்களுக்கு இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவு செய்த பிறகும் அடுத்த மாதம் மூலையில் முடி மெத்தை தயாராவது இப்படித்தான். சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஆபரேஷன் நடந்த தேதியிலிருந்து ஆறு வாரம் எண்ணி, அந்தத் தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவைக்கலாம். அந்தத் தாள் கிழிபடும் வரைக்கும் இரண்டு கூண்டு.